இரண்டரை அங்குல மூடி

பெட்டி மூடியில் வெட்டப்பட்டிருந்த ஓட்டைக்குள் கொசுறு தன் தலையை விட்டுப் பார்த்தான். நெற்றி வரை போயிற்று. அதற்கு மேல் காது தடுத்தது.

"திருடன் என்னைவிடச் சின்னத் தலைக்காரன், மேடம். இல்லன்னா கையை மட்டும் விட்டிருக்கணும்."

"கையைத்தான் விட்டிருப்பான். நீ தலையை எடு" என்றாள் தராசு.

துப்பறியும் அலுவலகத்தின் பெயர்ப் பலகையில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, எரிந்துபோன கடைகளில் எரியாமல் கிடந்த பொய்களைப் பொறுக்கியெடுத்த காலத்தில் விழுந்த பட்டப்பெயர்தான் கடைசிவரை நின்றது. கொசுறு அவளுடைய உதவியாளன். வயது முப்பத்தாறு. அவளை அமர்த்துகிறவர்களுக்கு இவன் இலவச இணைப்பு. வேண்டாம் என்றாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அவர்கள் நின்றிருந்தது ஒரு மரச்சாமான் பட்டறையின் மாடி அறை. கீழே முப்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். மேலே ஒருவர் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அந்த முப்பத்திரண்டு பேரையும் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. அறுபத்தைந்து வயது, தும்பைப்பூப் போலச் சட்டை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அவர் பக்கத்தில் நின்றுகொண்டே கடிகாரம் பார்த்தவர் அவருடைய மாப்பிள்ளை. மரச்சாமானோடு தச்சு மிஷின்களும் விற்கும் விற்பனைக் கூடத்தைக் கவனித்துக்கொள்பவர். அவரிடமும் அதே சாவிகளோடு ஒரு கொத்து, விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். நேற்று வார விடுமுறை. இன்று காலை அறையைத் திறந்தால், பூட்டிய பெட்டி பூட்டியபடியே இருக்கிறது. மூடியின் நடுவில் மட்டும் ஒரு சாஸர் அளவுக்குச் சதுர ஓட்டை. உள்ளே இருந்த வரைபடக் கட்டைக் காணோம். நாற்காலிக் கால் முதல் கட்டில் தலைமாடு வரை, இந்தப் பட்டறையின் முப்பது வருட வடிவங்களெல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தன. பெட்டிக்குப் பக்கத்தில், முனை முறிந்த பிளேடோடு ஒரு ஜிக்சா மிஷின், அதாவது கையில் பிடித்து ஓட்டும் மின்ரம்பம், கிடந்தது. அது பட்டறை மேஸ்திரியின் சொந்த மிஷின். அவரோ வருகிற வாரம் வேலையை விட்டுப் போய்ச் சொந்தக் கடை போடப் போகிறவர்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மாப்பிள்ளை. "நேத்து தன்னோட சாமான் எடுக்கணும்னு மேஸ்திரி வந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கான். அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லுங்க. இல்லன்னா நான் போலீசுக்குப் போன் போடறேன்."

"போலீஸெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?" முதலாளியின் குரல் குழைந்தது. "இருபத்திரண்டு வருஷம் என்கூட இருந்தவன். ஏதோ புத்தி கெட்டுப்போச்சு. மேடம், நீங்க அவன்தான்னு ஒரு ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடுங்க. அதை அவன் முன்னாடி வச்சு, 'போகட்டும்பா, நான் மன்னிச்சுட்டேன், பழையபடி வேலையைப் பாரு'ன்னு சொல்லிடறேன்."

விலை கேட்காமல் வாங்குகிறவனையும், காரணம் கேட்காமல் மன்னிக்கிறவனையும் கண்டால் வியாபாரி ஒரு நிமிடம் கல்லாவை மூடிவைத்துவிட்டு யோசிக்க வேண்டும். தராசு யோசித்தாள். வாயால் வேறொன்றைக் கேட்டாள்.

"பெட்டி நல்ல வேலைப்பாடு. யார் செஞ்சது?"

முதலாளியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "நான்தான். என் இருபத்தஞ்சு வயசுல. இரண்டரை அங்குலக் கனம், வைரம் பாஞ்ச மரம். மூடி ஒரே பலகை, ஒட்டே கிடையாது. அந்தப் பாலிஷைப் பாருங்க, முகம் தெரியும். அப்புறம் வியாபாரம் பெருகி, உளியைக் கீழ வச்சு இருபது வருஷமாச்சு. கை எல்லாம் மறந்துபோச்சு."

தராசு மூடியின் மேல் விரலை ஓட்டினாள். ஓட்டையின் விளிம்பில் பாலிஷ் ஒரு இடத்தில்கூடப் பெயரவில்லை. ஆனால் வெட்டிய கோடு மட்டும் ஆற்றங்கரைபோல உள்ளே வெளியே என்று நெளிந்து, ஒரு மூலையில் இரண்டு நூல், கால் அங்குலம், வெளியே ஓடியிருந்தது. முதலாளியின் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி உட்பக்கம் பார்த்தாள். அங்கே நேர்மாறு. கோடு அடிக்கோல் வைத்ததுபோல நேர். விளிம்பெல்லாம் மரநார் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து நின்றது. கீல்களின் திருகாணிகளும் உட்பக்கத்தில்தான் இருந்தன. பெட்டிக்குள் ஒரு கைப்பிடி மரத்தூள்.

"வெளிப்பக்கம் எவ்வளவு சுத்தம் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. "ஒரு சிலாம்பு இல்ல. கை தேர்ந்தவன் வேலை. இந்தப் பட்டறையில இப்படி அறுக்க ஒரே ஒரு ஆளால முடியும்."

"சிலாம்பு வெளிப்பக்கம் இல்ல, சரி. உள்பக்கம் ஏன் இருக்கு?"

"உள்பக்கத்தை யார் பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே" என்றாள் தராசு. "கீழ போகலாம். இதே கனத்துல நாலஞ்சு பலகைத் துண்டு வேணும். ஒரு பக்கம் பாலிஷ் போட்டதா இருக்கணும்."

"எதுக்கு?"

"மிஷினை விசாரிக்கணும். மனுஷங்களை விசாரிச்சா டீ வாங்கிக் குடுக்கறாங்க, உண்மையைக் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றான் கொசுறு.

*

மேஸ்திரி தன் வேலை மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பது வயது. காதில் செருகிய பென்சில். காலையிலிருந்து யாரும் அவரிடம் வேலை சொல்லவில்லை. அவரும் யாருக்கும் சொல்லவில்லை. மற்ற முப்பத்தோரு பேரும் அவரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொசுறு அவர் அருகில் போய்ச் சுற்றிவளைக்காமல் கேட்டான்.

"அண்ணே, நீங்க எடுத்தீங்களா?"

"தம்பி, அந்தக் கட்டுல இருக்கற வரைபடத்துல பாதி நான் போட்டது. மீதியைக் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். என் சட்டைப்பையில இருக்கறதை நான் எதுக்குத் திருடணும்?"

"இதை அவங்க கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'பார், ஒத்துக்கறான், வடிவமெல்லாம் அவன் கிட்டத்தான் இருக்கு'ன்னு மாப்பிள்ளை சொல்றாரு." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "கடைக்கு இடம் பேசி முடிச்சாச்சு. போர்டு எழுதியாச்சு. மரம் குடுக்கறேன்னு சொன்ன டிப்போக்காரர் மத்தியானம் போன் பண்ணி, 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்'ங்கறாரு. சேதி அதுக்குள்ள அங்க போயிருக்கு. திருடன்னு பேரு வந்தா எந்த வீட்டுக்காரன் என்னைக் கதவு மாட்ட உள்ள விடுவான்? இந்தத் தொழில்ல அடுத்தவன் வீட்டுக்குள்ள போகாம வேலையே இல்லையே."

"முதலாளி மன்னிக்கறேன்னு சொல்றாரே?"

"செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிட்டா, அப்புறம் செஞ்சதா ஆகிடும்ல?"

கொசுறு தராசுவிடம் திரும்பி வந்தான்.

பலகைத் துண்டுகள் வந்தன. ஏதோ கடையின் மேஜைக்காக அறுத்ததில் மிஞ்சியவை. இரண்டரை அங்குலக் கனம், ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் வெறும் மரம். மேஸ்திரியின் ஜிக்சாவிலேயே புதுப் பிளேடு மாட்டச் சொன்னாள் தராசு. ஒவ்வொரு துண்டிலும் பிளேடு நுழைவதற்கு ஒரு துளை போடப்பட்டது.

"முதல்ல மாப்பிள்ளை சார்" என்றாள்.

"நானா?"

"நீங்கதானே இந்த மிஷினை விக்கறீங்க? வாடிக்கையாளர் கேட்டா ஓட்டிக் காட்டுவீங்கல்ல?"

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். விற்பனைக் கூடத்தில் அவர் அறுத்துக் காட்டுவது விரல் கனம்கூட இல்லாத பிளைவுட்டை. அதில் ஜிக்சா பாகில் கத்திபோல ஓடும். அதே நினைப்பில் பளபளப்பான பக்கத்தை மேலே வைத்து, அதைப் பிடிக்கும் கிளாம்ப்பை முறுக்கி, மிஷினை முழு வேகத்தில் விட்டுத் தள்ளினார். மிஷின் உறுமியது. பலகை நகரவில்லை, அவர் நகர்ந்தார். இன்னும் அழுத்தினார். பாலிஷ் பொரிப்பொரியாகத் தெறித்தது. கருகல் வாடை வந்தது. முதல் மூலையில் திருப்பும்போது பிளேடு 'டக்'கென்று முறிந்து, அரைவாசி பலகைக்குள்ளேயே தங்கிவிட்டது.

"மிஷின் சரியில்ல" என்றார் மாப்பிள்ளை.

"ஆடத் தெரியாதவளுக்குத் தெருவே கோணலாம்" என்றான் கொசுறு, பக்கத்திலிருந்த தூணிடம்.

மாப்பிள்ளை அறுத்தவரைக்கும் பலகையின் மேல்முகம் கோழி கொத்திய தவிட்டுத்தட்டுப் போல இருந்தது. தராசு கீழே குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினாள். அங்கே விளிம்பு மழமழவென்று இருந்தது. கோடுதான் ஊர் சுற்றியிருந்தது.

"மேஸ்திரி, இப்போ நீங்க."

மேஸ்திரி வந்தார். முறிந்த பிளேடை எடுத்துவிட்டு வேறு மாட்டினார். அடுத்த பலகையைக் கையில் வாங்கினார், பார்த்தார், எந்த யோசனையும் இல்லாமல் பளபளப்பான முகம் கீழே போகும்படி கவிழ்த்து வைத்தார்.

"பார்த்தீங்களா!" மாப்பிள்ளை துள்ளினார். "கவுத்து வச்சாரு! நல்ல பக்கம் சுத்தமா வரும், மோசமான பக்கம் சிலாம்பா வரும். மூடியில இருக்கற மாதிரியே! மாட்டிக்கிட்டாரு!"

மேஸ்திரியின் கை மிஷின்மேல் நின்றுவிட்டது.

"நீங்க அறுங்க" என்றாள் தராசு. "அறுத்துக்கிட்டே, ஏன் கவுத்தீங்கன்னு சொல்லுங்க."

"எல்லாரும் அப்படித்தான் வைப்போம். ஜிக்சா பிளேடுல பல்லு மேல பார்த்து இருக்கு. மேல ஏறும்போதுதான் அறுக்கும். அதனால சிலாம்பு எப்பவும் மிஷின் உட்கார்ந்திருக்கற பக்கம்தான் பெயரும். நல்ல முகத்தைக் கீழ வச்சுட்டா அது தப்பிச்சுடும். இந்தப் பட்டறையில வேலைக்குச் சேர்ந்தா முதல் நாள் சொல்லிக் குடுக்கறதே இதுதான்."

மிஷின் அவர் கையில் உறுமவில்லை; முனகியது. அவர் தள்ளவே இல்லை, பிளேடு போகிற வழியில் கூடவே நடந்தார். மூலைகளில் நின்று, மூச்சு விட நேரம் கொடுத்து, பிறகு திரும்பினார். மாப்பிள்ளை இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். கடைசியில் நடுத்துண்டு தொப்பென்று விழுந்தது. தராசு மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாள். மேல்கோடும் கீழ்க்கோடும் ஒன்றின்மேல் ஒன்று.

"மாப்பிள்ளை சார் அறுத்தது கீழ ஏன் அலைஞ்சிருக்கு?"

"பிளேடுக்கு மேல மட்டும்தான் பிடி. கீழ் நுனியை யாரும் பிடிக்கல. கனமான மரத்துல அவசரப்பட்டுத் தள்ளினா மேல கோட்டுலதான் போற மாதிரி இருக்கும். கீழ அது இஷ்டத்துக்குப் போயிருக்கும்."

"எல்லா ஆபீசுலயும் அப்படித்தான்" என்றான் கொசுறு. "மேல இருக்கறவர் கோட்டுலதான் போவாரு. அலையறது கீழ இருக்கறவன்."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். காலையிலிருந்து பட்டறையில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

"ஆக, சிலாம்பு மிஷின் பக்கம். அலையற கோடு மிஷினுக்கு எதிர்ப்பக்கம்" என்றாள் தராசு. "பெட்டி மூடியில சிலாம்பு எங்க இருக்கு?"

"உள்பக்கம்" என்றான் கொசுறு.

"அலைஞ்ச கோடு?"

"வெளிப்பக்கம்." கொசுறு கண்ணை விரித்தான். "அப்போ மிஷின் இருந்தது பெட்டிக்கு உள்ள! திருடன் பெட்டிக்குள்ள உட்கார்ந்து, வெளிய வர வழி வெட்டியிருக்கான். மேடம், நாம தேட வேண்டியது திருடனை இல்ல, கோழிக்குஞ்சை."

"இல்லன்னா மூடி திறந்திருந்திருக்கணும்."

சிரிப்பு அடங்கியது. தராசு யாரையும் பார்க்காமல், மூலைமட்டத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, உள்பக்கத் திருகாணியைக் கழட்டி, மூடியைத் தனியா எடுத்து, கவுத்துப் போட்டு அறுத்திருக்காங்க. அப்புறம் திரும்ப மாட்டிப் பூட்டியிருக்காங்க. சாவி இல்லாதவன்தான் ஓட்டை போடுவான். சாவி வச்சிருக்கறவன் ஓட்டை போட்டா, தன் கிட்ட சாவி இருக்கறதை மத்தவங்க மறக்கணும்னு போடறான். மேஸ்திரி கிட்ட சாவி கிடையாது. இருந்திருந்தா அவருக்கு மிஷினே தேவையில்ல."

மாப்பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டிருந்த சாவிக்கொத்து நின்றது. முப்பத்திரண்டு பேர் பார்வையும் அதன்மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டார். அது தரையில் போட்டதைவிடப் பெரிய சத்தமாகக் கேட்டது.

"எ... என்னையா சொல்றீங்க? மாமா, பாருங்க!"

முதலாளி படியிறங்கி வந்திருந்தார். நெற்றியில் வியர்வை. "போதும் மேடம். மாப்பிள்ளை மேல எல்லாம் பழி வேணாம். குடும்ப விஷயமாப் போயிடும். யாராயிருந்தாலும் சரி, நான் மன்னிச்சுட்டேன். மிஷினை நிறுத்துங்க."

"இன்னைக்கு மன்னிப்பு மொத்த விலைக்கே கிடைக்குது, மேடம்" என்றான் கொசுறு.

"மாப்பிள்ளை சாருக்குக் கவுத்து வைக்கத் தெரியாதே" என்றாள் தராசு. "அவர் எப்படி வச்சாருன்னு இப்பத்தான் எல்லாரும் பார்த்தோம். மூடியை அறுத்தவருக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கு. இவர் கிட்ட சாவி இருக்கு, பழக்கம் இல்ல. மேஸ்திரி கிட்ட பழக்கம் இருக்கு, சாவி இல்ல. கணக்கு உதைக்குது. இன்னொரு தடவை பார்த்துடலாம். கொசுறு, நீ அறு."

"நானா? மேடம், நான் நகம் வெட்டினாலே கட்டுப் போடறவன்."

"அதனாலதான் சொல்றேன்."

தராசு மூன்றாவது பலகையைத் தானே எடுத்து, பளபளப்பு மேலே தெரியும்படி வைத்தாள். மூன்றிலும் அதுதான் அழகான துண்டு. நடுவில் சுழிசுழியாக ரேகை ஓடி, கண்ணாடிபோல மின்னியது. கொசுறு மிஷினை இரண்டு கையாலும் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தான். பொத்தானை அமுக்கினான். மிஷின் குதித்தது. பலகையின் நடுமார்பில் ஒரு கீறல் விழுந்தது. பிளேடைத் துளைக்குள் விட்டுத் தள்ளினான். பாலிஷ் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து எழுந்தது.

"மெதுவா!" என்றார் முதலாளி.

கொசுறு வேகமாகத் தள்ளினான். இன்னொரு பட்டை உரிந்தது.

"யோவ், மரம்யா அது! மெதுவா விடு! தள்ளாதே!"

"மாட்டிக்கிச்சு சார்!" என்று கத்திக்கொண்டே கொசுறு மிஷினை இடமும் வலமும் ஆட்டினான்.

"அடப்பாவி, கொல்றியே! நகரு! நகருய்யா!"

அறுபத்தைந்து வயது முதலாளி, தும்பைப்பூச் சட்டையோடு, அவனை இடித்துத் தள்ளிவிட்டு மிஷினைப் பிடுங்கினார். கிளாம்ப்பை ஒரே சுற்றில் தளர்த்தினார். பலகையைத் தூக்கினார். ஒரு தட்டுத் தட்டித் தூளை உதிர்த்தார். பளபளப்பான முகம் கீழே போகும்படி, சூடு தாங்காத குழந்தையைப் புரட்டுவதுபோல், அதைக் கவிழ்த்து வைத்தார். காதோரம் தடவி, அங்கே இல்லாத பென்சிலைத் தேடினார். பிறகு அறுக்க ஆரம்பித்தார்.

இருபது வருடத்தில் எல்லாம் மறந்துபோன கை, இரண்டரை அங்குல மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. முதல் பக்கம் போயிற்று. மூலையில் திரும்பியது. இரண்டாம் பக்கம் போயிற்று. நாலாவது மூலையைத் தாண்டி நடுத்துண்டு விழுந்தது. முதலாளி மிஷினை நிறுத்தி, வழக்கம்போல் வாயால் ஊதித் தூளைப் பறக்கவிட்டு, பெருமையாக நிமிர்ந்தார்.

அப்போதுதான் எல்லோர் பார்வையும் எங்கே நிற்கிறது என்று கவனித்தார். கீழே பார்த்தார். பலகை கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது.

தராசு பலகையைப் புரட்டிப் பளபளப்பான பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்தாள். "வலப்பக்கம் திரும்பற மூலையில ரெண்டு நூல் வெளிய ஓடியிருக்கு. மாடியில இருக்கற மூடியிலயும் அதே மூலை, அதே ரெண்டு நூல். உங்க வலது மணிக்கட்டு கொஞ்சம் சாயுது முதலாளி."

"நேத்து மாமா இங்க வரவே இல்லையே!" என்றார் மாப்பிள்ளை.

வாட்ச்மேன் வாசலிலிருந்தே பதில் சொன்னார். "வந்தாரே. மேஸ்திரி போன பின்னாடி வந்தாரு."

"காலையில ஏன்யா சொல்லல?"

"யார் யார் வந்தாங்கன்னுதானே கேட்டீங்க. முதலாளி தன் கடைக்கு வர்றதை வந்ததா எப்படிச் சொல்றது?"

முதலாளி பக்கத்திலிருந்த வேலை முடியாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அதற்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை.

"கட்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள் தராசு.

"மாடியில. என் நாற்காலி மெத்தைக்குக் கீழ."

"அதான் மாடியில பார்க்கும்போது முதலாளி ரெண்டு அங்குலம் உசந்து தெரிஞ்சாரு" என்றான் கொசுறு. சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். மேஸ்திரியின் முகம் அப்படி இருந்தது.

"ஏன் முதலாளி?" என்றார் மேஸ்திரி. கோபமாகக்கூட இல்லை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

"நீ போயிட்டா இங்க என்ன இருக்கு?" முதலாளி தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினார். "வர்றவன் எல்லாம் மேஸ்திரி இருக்காரான்னுதான் கேக்கறான். முதலாளி இருக்காரான்னு ஒருத்தன் கேக்கறதில்ல. சம்பளம் கூட்டித் தர்றேன்னேன். பங்கு தர்றேன்னேன். நீ சிரிச்ச. அப்புறம் யோசிச்சேன். காசுக்கு நிக்காதவன் நன்றிக்கு நிப்பான். ஒரு தடவை மன்னிச்சு வச்சிட்டா, நீ கேட்டாலும் போக மாட்டே. உன் குணம் எனக்குத் தெரியும்."

"அவ்வளவு யோசிச்சவரு, வெட்டும்போது மூடியைக் கவுக்காம இருந்திருக்கலாமே" என்றான் கொசுறு. "பூட்டியே வச்சு மேலாப்புல வெட்டியிருந்தா, நாங்க இந்நேரம் உங்க ரிப்போர்ட்டை எழுதிட்டுப் போயிருப்போம்."

முதலாளி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவ்வளவு நேரத்தில் முதல்முறையாக அவர் கண்ணில் கோபம் தெரிந்தது.

"அந்த பாலிஷ் முகத்துலயா? சிலாம்பு பேர்க்கச் சொல்றியா? நீ மனுஷனா?"

*

தராசு ரிப்போர்ட்டை அங்கேயே, மேஸ்திரியின் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். கேட்டதே ரிப்போர்ட்தான், கேட்டவர் எதிர்பார்த்த பெயர் மட்டும் அதில் இல்லை. ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்து மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"இதை வச்சு நீங்க போலீசுக்கும் போகலாம். உங்க இஷ்டம்."

மேஸ்திரி வெகுநேரம் படித்தார். "போலீஸ் வேணாம் மேடம். காலையில இவங்க முப்பது பேர் முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னாங்க. அதே முப்பது பேர் முன்னாடி முதலாளி இதை வாயால படிக்கட்டும். டிப்போக்காரருக்குப் போன் போட்டு அதை மேஜை மேல வைங்க. அவரும் கேக்கட்டும். அது போதும். வர்ற வாரம் நான் கடை திறந்துடுவேன்."

"மாமா, நீங்க படிக்க வேண்டியதில்ல..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"சும்மா இருங்க மாப்பிள்ளை" என்றார் முதலாளி.

டீ மணி அடித்தது. யாரும் டீக்குப் போகவில்லை. மேஜைமேல் போன் திறந்து கிடந்தது. மறுமுனையில் டிப்போக்காரர் மூச்சு விடுவது கேட்டது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று படித்தார். நல்ல உரத்த குரல். நாற்பது வருடம் விலை சொல்லிப் பழகிய குரல். பெட்டியைத் தன் சாவியாலேயே திறந்ததாகப் படித்தார்; குரல் தடுமாறவில்லை. மேஸ்திரியின் மிஷினை எடுத்து, வேண்டுமென்றே பக்கத்தில் போட்டதாகப் படித்தார், தடுமாறவில்லை. யாரும் சந்தேகப்படாமலிருக்க மரத்தூளைக்கூட அள்ளி உள்ளே தூவியதாகவும், வரைபடக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டே காணோம் என்று சொன்னதாகவும், இருபத்திரண்டு வருடம் உழைத்தவர்மீது பொய்ப்பழி போட்டதாகவும் கடகடவென்று படித்தார். இரண்டாம் பக்கம் திருப்பினார். முதல் வரியில் நின்றார்.

காகிதத்தை மடக்காமல் தராசுவின் அருகில் வந்தார்.

"மேடம்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாமா?"

தராசு அந்த வரியைப் பார்த்தாள். 'வெட்டிய கோடு இரண்டு நூல் அலைந்திருக்கிறது. இது பழக்கம் விட்டுப்போன கையின் வேலை.'

அவள் காகிதத்தை மேஸ்திரி பக்கம் திருப்பிக் காட்டினாள். மேஸ்திரி படித்தார். ஒரு கணம் அவர் எடுத்துவிடச் சொல்வார் என்றுதான் கொசுறு நினைத்தான்.

"படிங்க முதலாளி" என்றார் மேஸ்திரி, மெதுவாக. "மத்த வரியெல்லாம் நீங்க செஞ்சீங்கன்னுதான் சொல்லுது. அறுத்தது என் கை இல்லைன்னு சொல்றது இந்த ஒரு வரிதான்."

முதலாளி தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார். படித்தார். போனில் டிப்போக்காரர், "ரெண்டு நூலா?" என்று தன்னையறியாமல் கேட்டது பட்டறை முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் முதலாளியின் தலை குனிந்தது.